கருவாட்டுப் பையில் ஒரு மாத்திரை அட்டை

மண்டபம்
24.1.2024

துர்காவுக்கு நாகலெட்சுமி எழுதுவது.

நெத்திலிக்கு அடியில் காகிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. யாரும் சாகவில்லை. அபிராமம் சந்தையில் என் கடையைப் பார்த்துக்கொள்கிற கோகிலா ஒரு விஷயம் சொன்னாள். போன வாரம் காலிப் பையைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, "மண்டபத்துல மெடிக்கல் கடைக்காரங்க எப்படிக்கா, நல்லாப் பழகுவாங்களா?" என்று கேட்டாயாம். தலைவலி மாத்திரை வாங்க யாரும் கடைக்காரன் குணத்தை விசாரிப்பதில்லை. அதைக் கேட்பதற்கு முன்னால் எங்க அம்மா எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று வேறு திரும்பிப் பார்த்தாயாம். பதினெட்டு வருஷமாகக் கருவாடு விற்கிறேன். வருகிறவள் என்ன கேட்கிறாள் என்பதைவிட, கேட்கும் முன்னால் யாரைப் பார்க்கிறாள் என்பதை வைத்துத்தான் நான் ஆளைக் கணிப்பது.

போனில் கேட்கலாம்தான். ஆனால் உன் போன் பாதி நேரம் பூங்கோதை கையில் கார்ட்டூன் ஓட்டுகிறது. மீதி நேரம் என் அம்மா அதை ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். என் பெயர் வந்தால் எங்க அய்யா எழுந்து வெளியே போய்விடுகிறார் என்று உன்னைக் கட்டின என் தம்பியே சொன்னான். அதனால்தான் காகிதம். அம்மா இந்தப் பையைத் தொடமாட்டாள், எனக்குத் தெரியும். "வெளக்கு ஏத்துற கை, கருவாட்டுப் பைக்குள்ள போகாது" என்பாள். குழம்பு வைத்தால் மட்டும் ரெண்டு தரம் ஊற்றிக்கொள்வாள்.

உன் சின்னவளுக்குப் பேர் வைத்த அன்று, கருவாட்டு வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொன்னார் அய்யா. வண்டி வரக்கூடாத தெருவில் வண்டிக்காரிக்கு என்ன வேலை என்று திரும்பி வந்தவள்தான். வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. என் நெத்திலி மட்டும் வாராவாரம் உள்ளே போகிறது. அவருக்கு அது சந்தையில் வாங்கிய கருவாடு. இருக்கட்டும்.

என்ன வேண்டும், எழுது. சுற்றி வளைக்காதே. பதிலைக் காலிப் பையில் போட்டுக் கோகிலாவிடம் கொடு.

நாகலெட்சுமி


அபிராமம்
31.1.2024

மதினிக்கு துர்கா எழுதிக்கொள்வது.

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் பையில் போட்டுவிட வேண்டும் என்று வேகமாக எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருக்கும்.

எனக்கு வேண்டியது பிள்ளை தங்காமல் இருப்பதற்கு தினமும் சாப்பிடுகிற மாத்திரை. நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. பூங்கோதையும் ஆபரேஷன், சின்னவளும் ஆபரேஷன். இரண்டாவது தடவை தையல் பிரிக்கும்போதே ராமநாதபுரத்து டாக்டரம்மா, மூன்று வருஷத்துக்குள் அடுத்தது வந்தால் கர்ப்பப்பை தாங்குமா என்று என்னால் சொல்ல முடியாது என்றார். சிரிக்காமல் சொன்னார், அவர் எப்போதும் சிரித்துப் பேசுகிறவர். சின்னவளுக்கு இப்போதுதான் ஒன்றே கால் வயது.

அவர் எழுதிக் கொடுத்த சீட்டு மூன்று மாசத்துக்குத்தான். பிறகு வந்து பிரஷர் பார்த்துவிட்டு மறுபடி எழுதி வாங்கிப் போக வேண்டும் என்றார். எப்படிப் போவது? மிளகாய்ப் பழம் பறிக்கிற சமயம். ராமநாதபுரம் என்றால் "என்ன நோவு?" என்று அத்தை கேட்பார். நோவு இல்லை என்றால் எதற்கு ஆஸ்பத்திரி என்பார். நோவு என்றால் கூடவே வருவார்.

இங்கே இருக்கிற மெடிக்கல் கடைக்காரர் மாமாவுக்குப் பங்காளி முறை. மூன்று தடவை போய் நின்றேன். மூன்று தடவையும், "என்னம்மா, வீட்டுல யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார். மூன்று தடவையும் இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தேன். பூங்கோதைக்கு இப்போது அது பழகிவிட்டது, இருமாமலே கேட்கிறாள்.

தடுப்பூசி போட வருகிற நர்சம்மா அரசாங்க மாத்திரையை இலவசமாகவே கொண்டுவந்து கொடுத்தார். நான் கொல்லையில் இருந்தேன். அத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுக்கு அடுத்து வாரது ஆம்பளப் புள்ள. அது வந்த பெறகு கொண்டா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு நர்சம்மா எங்கள் வாசலில் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

உங்கள் தம்பி கெட்டவர் இல்லை. என்னிடம், "டாக்டர் சொன்னபடி செய்" என்கிறார். அத்தையிடம், "நீங்க சொல்றதும் சரிதான்" என்கிறார். கடைக்குப் போங்கள் என்றால், "அதை ஒரு ஆம்பள எப்படிப் போயிக் கேக்குறது" என்கிறார்.

சீட்டை உள்ளே வைத்திருக்கிறேன். ஒரு அட்டையில் வெள்ளை இருபத்தொன்று, பழுப்பு ஏழு இருக்கும். பழுப்பு சாப்பிடுகிற வாரத்தில் நாள் வரும், முடிந்ததும் அடுத்த அட்டை தொடங்க வேண்டும். கையில் இருப்பது அடுத்த மாசம் இருபத்து நாலாம் தேதியோடு தீர்ந்துவிடும், அதாவது பிப்ரவரி இருபத்து நாலு.

உங்களைத் தவிர யாரிடமும் கேட்க முடியவில்லை.

துர்கா


மண்டபம்
14.2.2024

துர்காவுக்கு,

இது பெரிய வேலை என்று நான் நினைக்கவில்லை. துறையில் ஐம்பது ஆம்பளைகளுக்கு நடுவில் நின்று ஏலம் கேட்டு வாங்குகிறவள், ஒரு மாத்திரை அட்டையா வாங்கமாட்டேன் என்று போனேன். நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் கடை, துறைமுக ரோட்டில். சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "தேதி முடிஞ்சுருச்சுக்கா. புதுச் சீட்டு வேணும்." இவன் காய்ச்சல் என்று போகிறவனுக்கு எல்லாம் மூன்று கலர் மாத்திரையைச் சீட்டே இல்லாமல் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறவன். இன்றைக்குச் சட்டம் பேசுகிறான். 

இரண்டாவது கடை. "அது நாங்க வைக்கிறதில்லக்கா. வாங்குறவுக எல்லாம் ஒரு மாதிரியா இருக்காக" என்றான். ஒரு மாதிரி என்றால் எந்த மாதிரி என்று கேட்டேன். பக்கத்தில் நின்றவருக்கு மாத்திரை எடுக்கப் போய்விட்டான், திரும்பி வரவே இல்லை.

மூன்றாவது, சரக்கு இறக்க ராமநாதபுரம் போனபோது. பெரிய கடை, கம்ப்யூட்டர் எல்லாம் இருந்தது. "பேஷன்ட் வரணும்மா" என்றாள் ஒரு பெண். பேஷன்ட்டுக்கு மிளகாய்ப் பழம் பறிக்கிற வேலை இருக்கிறது என்றேன். "அப்ப அவங்க வீட்டுக்காரரு வரட்டும்" என்றாள். வரிசையில் பின்னால் நின்ற பெண் எட்டிப் பார்த்து, "யாருக்குக்கா?" என்றாள். அவள் முகம் தெரிந்த முகம். மண்டபத்தில் எனக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிறவள். என் வீட்டுக்காரர் மூக்கையா போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது என்பது அவளுக்கும் தெரியும். நான் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். மாசாமாசம் இந்தப் பாடு எதற்கு? காப்பர் டி போட்டுக்கொண்டால் என்ன? ஒரு தடவை போனால் வருஷக்கணக்கில் கவலை இல்லை என்கிறார்களே.

இன்னும் பத்து நாள் இருக்கிறது. பார்த்துக்கொள்கிறேன். திருக்கை வைத்திருக்கிறேன், சின்னவளுக்குக் காரம் குறைத்துக் கொடு.

நாகலெட்சுமி


அபிராமம்
21.2.2024

மதினிக்கு,

பழுப்பு தொடங்கிவிட்டது. இன்னும் மூன்றுதான் இருக்கிறது.

காப்பர் டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். சின்னவள் பிறந்தபோதே ஆஸ்பத்திரியில் போடுகிறோம் என்றார்கள். அத்தை விடவில்லை. அவருக்குத் தெரிந்த ஒருத்திக்கு அது மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விட்டதாம், மூச்சு விட முடியாமல் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். நான் பன்னிரண்டாவதில் உயிரியல் படித்தவள்தான். அப்படி இருக்காது என்று பகலில் தோன்றுகிறது. ஆனால் உடம்புக்குள் ஒரு பொருள் இருக்கிறது என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. அதனால் மாத்திரையே போதும்.

சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குப் போகிறோம். அத்தை மஞ்சள் துணி எடுத்து வைத்திருக்கிறார், ஆண் பிள்ளைக்குத் தொட்டில் கட்ட வேண்டுமாம். "தொட்டில நீ கட்டு, மத்தத சாமி பாத்துக்கிரும்" என்கிறார். சாமி பார்த்துக்கொள்ளும், என் தையலை யார் பார்ப்பது என்று கேட்க வாய் வருகிறது. கேட்கவில்லை.

உங்களுக்குத் தொந்தரவு கொடுக்கிறேன். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று எழுதிவிடுங்கள். நான் உங்கள் தம்பியிடம் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

துர்கா


மண்டபம்
28.2.2024

துர்காவுக்கு,

வாங்கிவிட்டேன். மூன்று அட்டை, நெத்திலிப் பொட்டலத்துக்குள் தனியாகப் பிளாஸ்டிக் கவரில் இருக்கிறது. அட்டை வேறு மாதிரி இருக்கிறதே என்று பார்க்காதே, கம்பெனி வேறு. ஒரு அட்டையில் பத்து மாத்திரை. தினம் ஒன்று சாப்பிடு.

எப்படி வாங்கினேன் என்று கேட்காதே. வாங்கிவிட்டேன், அவ்வளவுதான்.

நாகலெட்சுமி


அபிராமம்
27.3.2024

மதினிக்கு,

பதறிப்போய் எழுதுகிறேன், மன்னியுங்கள்.

நீங்கள் அனுப்பியது கிடைத்த அன்றே தொடங்கிவிட்டேன். பழைய அட்டை முடிந்து நாலு நாள் இடையில் விட்டுப்போயிருந்தது. அந்த நாலு நாளில் ஒரு நாள் நான் உங்கள் தம்பியிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

புது அட்டையில் பழுப்பு இல்லை. எல்லாம் ஒரே வெள்ளை. இருபத்தொன்று முடிந்ததும் நிறுத்துவதா, தொடர்வதா என்று தெரியவில்லை. யாரைக் கேட்பது? நிறுத்தினால் மறுபடி விட்டுப்போகுமே என்று தொடர்ந்து சாப்பிட்டேன். இன்றைக்கு இருபத்தெட்டு ஆகிவிட்டது. நாள் வரவில்லை. போன வாரமே வந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இதை மறைக்க முடியாது, உங்களுக்குத் தெரியும். மாசம் மூன்று நாள் நான் அடுப்படிப் பக்கம் போகாமல் ஒதுங்கி இருந்தால்தான் கணக்கு. இந்த மாசம் ஒதுங்கவில்லை. அத்தை விரல் விட்டு நாள் எண்ணினார். நேற்று எனக்கு மட்டும் மாங்காய் நறுக்கிக் கொண்டுவந்து வைத்தார். "சாமி குடுத்துருச்சுடி" என்றார். மாமா தோப்பிலிருந்து இளநீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். எதிர்வீட்டு முருகலட்சுமி அக்கா என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நான் மாங்காயைத் தின்றேன். வேறு என்ன செய்வது?

டாக்டரம்மா சிரிக்காமல் சொன்ன முகம்தான் ஞாபகம் வருகிறது. பூங்கோதைக்கு நாலு வயது. சின்னவள் இன்னும் என்னைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

ஒரு காலி அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். பின்னால் இருக்கிற பெயர் பழைய அட்டையில் இருந்த பெயர் மாதிரி இல்லை. யாரிடமாவது காட்டுங்கள்.

துர்கா


மண்டபம்
29.3.2024

துர்கா,

இன்றைக்குச் சந்தை இல்லை. கோகிலாவை இதற்காகவே பஸ் ஏற்றி அனுப்புகிறேன். கடை பாக்கி விஷயமாக வந்ததாக என் அம்மாவிடம் சொல்லிக்கொள்வாள்.

முதலில் செய்ய வேண்டியது. பைக்குள் கர்ப்பம் பார்க்கிற கார்டு ஒன்று இருக்கிறது. காலையில் முதல் சிறுநீரை அதில் சொட்டு விட்டுப் பார். ஒரு கோடு என்றால் ஒன்றும் இல்லை. இரண்டு கோடு என்றால் அன்றைக்கே நான் வண்டி எடுத்து வருகிறேன், தெருமுனையில் எல்லாம் நிறுத்தமாட்டேன். ஒரு கோடு வந்தால் அந்த மாத்திரையை நிறுத்திவிடு, இரண்டு மூன்று நாளில் உனக்கு நாள் வரும்.

இதைச் சொன்னது ஹமீதா பானு. இங்கே பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ், என்னிடம் வாடிக்கையாகக் கருவாடு வாங்குகிறவள். நேற்று உன் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். பெயரைப் பார்த்ததும் என்னைப் பார்த்தாள். "அக்கா, யாரு இதைப் புள்ள தங்காம இருக்க வாங்கினது? இது கோயிலுக்குப் போறவுங்க நாளைத் தள்ளிப்போடச் சாப்பிடுறது. ஹஜ்ஜுக்குப் போறவுங்களுக்கும் இதைத்தான் எழுதுவாங்க. சாப்பிடச் சாப்பிட நாள் வராது" என்றாள். நீ பயந்தாயே, அது மாத்திரை தன் வேலையைச் செய்ததுதான். ஆனால் இடையில் நாலு நாள் விட்டதால் கார்டு போட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்றாள்.

வாங்கினது நான்தான். எப்படி வாங்கினேன் என்று இப்போது சொல்கிறேன்.

கெடு தாண்டிவிட்டது, மறுபடி அந்தத் துறைமுக ரோட்டுக் கடைக்கே போனேன். சீட்டு இல்லாவிட்டாலும் பேசி வாங்கிவிடலாம் என்று சொல்ல வேண்டியதை எல்லாம் நடந்துகொண்டே யோசித்து வைத்திருந்தேன். உள்ளே போனால் என்னோடு ஏலத்தில் போட்டி போடுகிற முத்துகிருஷ்ணன் நிற்கிறான், அவனோடு படகுக்காரர்கள் மூன்று பேர். கடைக்காரன் சத்தமாக, "சொல்லுங்கக்கா, அதே மாத்திரையா?" என்றான். முத்துகிருஷ்ணன் திரும்பினான். புருஷன் இல்லாதவள் என்ன மாத்திரை கேட்கிறாள் என்று துறை முழுக்கச் சாயங்காலத்துக்குள் போய்விடும். அதற்கப்புறம் நான் ஏலத்தில் கை தூக்கினால் அவன்கள் என்ன சொல்லிச் சிரிப்பான்கள் என்று எனக்குத் தெரியும்.

என் வாய் தானாகச் சொன்னது. "சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குப் போறோம். வீட்டுப் பிள்ளைக்கு நாள் தள்ளிப்போடணும்." உடனே எடுத்தான். சீட்டு கேட்கவில்லை, தேதி கேட்கவில்லை. "எத்தனை நாளைக்கு?" என்றான். ஒரு மாசத்துக்கு என்றேன். "ஒரு மாசமாவா கோயில்ல இருக்கப் போறீக?" என்று சிரித்துக்கொண்டே மூன்று அட்டை கொடுத்தான். முத்துகிருஷ்ணனும் தன் பெஞ்சாதிக்கு அதையே ஒரு அட்டை வாங்கினான். அந்த வாரம் முழுக்க அந்தக் கடையில் அதுதான் ஓடியது.

வேண்டுமென்றே மாற்றிக் கொடுக்கவில்லை. பெயரை மாற்றிக் கேட்டாலும் சரக்கு ஒன்றுதானே என்று நினைத்தேன். சாளை வேண்டும் என்று வருகிறவளுக்கும், மத்தி வேண்டும் என்று வருகிறவளுக்கும் நான் ஒரே கூடையிலிருந்துதான் அள்ளிப் போடுகிறேன். இதுவும் அப்படி என்று நினைத்துவிட்டேன். பழுப்பு மாத்திரை இல்லையே என்று எனக்கும் அன்றைக்கே தோன்றியது. அதைத்தான் கம்பெனி வேறு என்று எழுதி மூடினேன்.

கார்டில் என்ன வந்தது என்று உடனே தெரியப்படுத்து.

நாகலெட்சுமி


மண்டபம்
5.4.2024

துர்கா,

நேற்றுச் சந்தையில் காலிப் பை மட்டும் வந்தது. உதறிப் பார்த்தேன், உப்புத்தான் இருந்தது. பூங்கோதைதான் வந்து கொடுத்துவிட்டு ஓடினாளாம்.

கோபப்படு. ஒரு கோடா, இரண்டு கோடா என்பதை மட்டும் எழுது.

நாகலெட்சுமி


அபிராமம்
10.4.2024

மதினிக்கு,

ஒரு கோடு.

போன சந்தைக்கே எழுதியிருக்கலாம். நீங்களும் ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும் என்றுதான் எழுதவில்லை. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

நிறுத்திய மூன்றாம் நாள் எனக்கு ஆகிவிட்டது. எப்போதும் இல்லாத வலி. நான் ஒதுங்கி உட்கார்ந்ததைப் பார்த்ததும் அத்தை கையிலிருந்த முறத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனார். மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. சாமியிடமும் பேசவில்லை, விளக்கு ஏற்றவில்லை. மாமா இளநீர் மட்டையைத் தூக்கிக் குப்பைக்குழியில் போட்டார். இல்லாத ஒரு பிள்ளைக்காக இந்த வீட்டில் மூன்று பேர் துக்கம் கொண்டாடினோம் மதினி. எனக்கு மட்டும் உள்ளுக்குள் நிம்மதி, அதையும் காட்ட முடியவில்லை.

மூட்டைக்கு அடி வரைக்கும் கையை விட்டு, ஈரக் கருவாடு இருக்கிறதா என்று பார்க்காமல் நீங்கள் வாங்கமாட்டீர்கள் என்று கோகிலா அக்கா பெருமையாகச் சொல்வார். என் மாத்திரைக்கு அந்தக் கை போகவில்லை. வெட்கத்தில் பொய் சொன்னது எனக்குப் புரிகிறது, நானே இருமல் மிட்டாய் வாங்கியவள். ஆனால் எனக்கு எழுதும்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கடைக்காரனுக்குச் சொன்ன பொய்யை என்னிடமும் சொன்னீர்களே, அதுதான்.

இன்னொன்று. கார்டை நான் ஒளித்து வைத்த இடத்திலிருந்து உங்கள் தம்பி எடுத்துவிட்டார். கோடு பார்க்கத் தெரியாமல் வெளுத்துப்போய் வந்து நின்றார். உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, பங்காளி கடை, நர்சம்மா, உங்கள் சிவராத்திரி, எல்லாம். "அக்காவே பொய் சொல்லித்தான் வாங்கினாளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்கு அதுதான் நம்ப முடியவில்லை. "மதினியால முடியல, என்னால முடியல. மிச்சம் இருக்கிறது நீங்கதான்" என்றேன்.

சித்திரை ஒன்றுக்கு மறுநாள் வருகிறார். மாமாவிடம் மிளகாய்க்குச் சாக்கு வாங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் களத்தில் மிளகாய்க்குக் காவல் படுக்கச் சொல்லிவிட்டேன். படுக்கிறார்.

துர்கா


மண்டபம்
17.4.2024

துர்காவுக்கு,

நீ எழுதியதில் எனக்கு மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. உன்னிடம் பொய் சொன்னது தப்பு.

தம்பி வந்தான். ஒன்றே கால் வருஷத்துக்கு அப்புறம் என் கடைக்குள் வருகிறான். டீ வாங்கிக் கொடுத்தேன், ஆற வைத்தே குடித்தான். "அக்கா, நீயும் வாயேன்" என்றான். வரமாட்டேன், எதிர்ப்பக்கம் நிற்கிறேன் என்றேன். கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான். அதே துறைமுக ரோட்டுக் கடை.

நான் எதிரில் வலைக்கடை ஓரமாக நின்றேன். போனான். குனிந்து ஏதோ சொன்னான். கடைக்காரன் தலையாட்டினான், உள்ளே போனான், எடுத்தான், கறுப்புக் கவரில் போட்டான். தம்பி வெளியே வந்துவிட்டான். நான் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை, ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. மூன்று மாசத்துக்குக் கொடுத்திருக்கிறான். சீட்டு வைத்திருந்தாயே, கடைக்காரன் கேட்டானா என்றேன். "கேக்கவே இல்லக்கா. 'வீட்டம்மாவுக்கா தம்பி, சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுங்க'ன்னு மட்டும் சொன்னான்" என்றான். அவனே ஏமாந்துபோன மாதிரி நின்றான். இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று இருந்திருக்கும்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவனை அங்கேயே நிறுத்திவிட்டு நான் உள்ளே போனேன். முத்துகிருஷ்ணன் இல்லை, ஆனால் நாலைந்து பேர் இருந்தார்கள். இந்தத் தடவை குரலைத் தணிக்கவில்லை. "இப்ப ஒரு ஆளு வாங்கிட்டுப் போனாரே, அதே மாத்திரையைத்தான் நான் சீட்டோட வந்து கேட்டேன். எனக்கு மட்டும் ஏன் தேதி பாத்த?" என்றேன்.

"அது வந்துக்கா, ஆம்பள வந்து கேட்டா குடும்பத்துக்குன்னு தெரியுது. பொம்பள வந்து கேட்டா…"

"கேட்டா?"

கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி. அவன் முடிக்கட்டும் என்று நின்றேன். அடுத்த கண்ணாடிக்குப் போனான். நானும் வந்துவிட்டேன். துறையில் பேசிக்கொண்டால் பேசிக்கொள்ளட்டும். நேற்று ஏலத்தில் வழக்கம்போலக் கை தூக்கினேன், சீலா மீன் எனக்குத்தான் விழுந்தது.

கவரைப் பிரித்து நானே பார்த்தேன். வெள்ளை இருபத்தொன்று, பழுப்பு ஏழு. பின்னால் பெயர் உன் சீட்டில் உள்ள பெயர். காலாவதி தேதி அடுத்த வருஷம். ஹமீதா பானுவிடமும் காட்டிவிட்டேன், சரி என்றாள். ஆனால் பிரஷர் பார்க்காமல் தொடர்ந்து சாப்பிடக்கூடாது என்றாள், அதை யோசித்துக்கொள். அவள் போன் நம்பரை இந்தக் காகிதத்தின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

இனி மாசாமாசம் தம்பியை அனுப்பு. அவனுக்குத்தான் கதவு திறக்கிறது.

நாகலெட்சுமி


அபிராமம்
24.4.2024

மதினிக்கு,

அட்டைகள் வந்து சேர்ந்தன. அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். தொடங்கவில்லை.

உங்கள் தம்பி கடைக்குப் போய் வந்ததை என்னிடம் இதுவரைக்கும் நாலு தடவை சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் இன்னும் கொஞ்சம் முறைக்கிறார். சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டே ஒன்று யோசித்தேன். மூன்று மாசம் கழித்து இவர் மறுபடி போக வேண்டும். அன்றைக்கு என்னோடு சண்டையாக இருந்தால்? அத்தை அழுது வைத்தால்? "நாளைக்குப் போறேன்" என்பார். இவர் நாளைக்கு என்று சொன்னால் அது எத்தனை நாள் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். நாலு நாள் விட்டதற்கே நான் பட்டது போதும்.

அதனால் ஹமீதா பானு அக்காவுக்குப் போன் செய்தேன். எல்லோரும் களத்தில் இருந்தார்கள், பூங்கோதையின் கார்ட்டூனை நிறுத்திவிட்டுப் பேசினேன். வெட்கப்படாமல் கேட்டேன், காப்பர் டி நெஞ்சுக்கு ஏறுமா என்று. சிரித்தார். "கர்ப்பப்பையில இருந்து நெஞ்சுக்கு ரோடே கிடையாதும்மா. இடம் மாறினா வலி, ரத்தப்போக்குன்னு தெரிஞ்சுரும், வந்து காட்டணும், அவ்வளவுதான்" என்றார். ரெண்டு ஆபரேஷன் ஆனவர்களுக்கும் போடுவார்களா என்று கேட்டேன். போடுவார்கள், டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்வார் என்றார். பத்து வருஷத்துக்கு உள்ளதும் இருக்கிறதாம். பத்து வருஷம் எந்தக் கடையிலும் போய் நிற்க வேண்டாம். இருமல் மிட்டாயும் வாங்க வேண்டாம்.

வருகிற செவ்வாய்க்கிழமை, முப்பதாம் தேதி, ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். கேட்கவில்லை, சொன்னேன். உங்கள் தம்பி பக்கத்தில் நின்றார். "டாக்டர் சொன்னதுதாம்மா" என்றார், அத்தோடு நிறுத்திக்கொண்டார், நீங்க சொல்றதும் சரிதான் என்பதை இந்தத் தடவை சேர்க்கவில்லை. அத்தை, "யாரு சொல்லிக்குடுத்தா?" என்றார். "உங்க மகதான்" என்றேன். எப்படிச் சொல்லிக் கொடுத்தாள், அவள்தான் வருவதே இல்லையே என்றார். நெத்திலிப் பையைக் காட்டினேன்.

அத்தை பையைக் குனிந்து பார்த்தார். பிறகு மஞ்சள் துணியை மடித்துப் பெட்டியில் வைத்தார். "இனிமே கருவாட்டுப் பைய நாந்தான் பிரிப்பேன்" என்றார். இன்றைக்குக் காலையில் உண்மையாகவே பிரித்தார், கை கழுவாமல் விளக்குக்கும் திரி போட்டார். ஆகையால் இனி இப்படி எழுத முடியாது. போனில் பேசுங்கள். ஸ்பீக்கரில் போட்டால் போடட்டும்.

பிள்ளைகள் இரண்டும் உங்கள் தம்பியோடு வருகிறார்கள். நான் உள்ளே போகும்போது சின்னவளை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும். காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருங்கள். திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டு வர முடியாது. உங்கள் வண்டியிலேயே வீடு வரைக்கும் வருகிறேன். முன்னால் உட்கார இடம் வையுங்கள், பின்னால் சரக்கு இருந்தால் இருக்கட்டும்.

தெருமுனையில் நிறுத்த வேண்டாம் மதினி. நான் அவ்வளவு தூரம் நடக்கக் கூடாது. வாசலுக்கே ஓட்டி வாருங்கள். யார் வண்டி என்று மாமா கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

துர்கா